நான் எழுதாமல் விட்ட பெயர்

1

நம் ஜமாஅத்தின் ஆண்டு மலருக்கு மும்பை வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். என்னையும் ஊர்க்காரன் என்று கணக்கில் வைத்துக் கேட்டதற்கு நன்றி. நம் ஊரில் நான் இருந்தது மொத்தம் பதினோரு மாதம். அத்தா ஊர்க்காரர், அம்மா வியட்நாம்காரி. நான் பிறந்து இருபத்தைந்து வயது வரை வளர்ந்தது சைகோனில். பிறகு உங்களிடம் பதினோரு மாதம். அதன் பிறகு நாற்பத்தெட்டு வருடமாக மும்பை.

ஊரில் என்னைச் ‘சைகோனார் மகன்’ என்றீர்கள். தாராவியில் தோல் பைப் பட்டறையில் முப்பது வருடம் தோல் வெட்டினேன். அங்கே நான் ‘சீனாவாலா’. துண்டுகளை எண்ணும்போது வாய் தானாக மோட், ஹாய், பா என்று வியட்நாம் மொழியில் எண்ணும், அதைக் கேட்டு வைத்த பெயர். ரயில் நிலையத்தில் பையைத் திறக்கச் சொல்லும் போலீஸ்காரனுக்கு என் கண்ணைப் பார்த்ததும் நான் நேபாளி. எவனுக்கும் நான் அவன் ஆள் இல்லை. இதைச் சொல்லிப் புலம்பப் போவதில்லை, பழகிவிட்டது.

இப்போது செம்பூரில் மகள் ரஹிமா வீட்டில் இருக்கிறேன். மனைவி மவுத்தாகி நாலு வருடம். காலையில் அணுசக்தி நகர் ஊழியர் பஸ்கள் போகிற நேரத்தில் பால் வாங்கப் போவேன். திரும்பி வந்தால் ரஹிமா ஆபீசுக்குப் போயிருப்பாள். பேரன் பெங்களூரில் இருக்கிறான், பெருநாளைக்கு ஹிந்தியில் வாழ்த்து அனுப்புவான். சாயங்காலம் ஏழு மணி வரை வீட்டில் நானும் மின்விசிறியும்தான். வாரத்தில் ஒரு நாள் மட்டும் வேறு மாதிரி. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, சாப்பிட்டு, இரண்டரை மணிக்கு சைகோனிலிருந்து என் தங்கை நூர்ஜஹான் வீடியோவில் வருவாள். அங்கே அப்போது மணி நாலு. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

அவளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மும்பையைப் பற்றி எழுத வேறு ஆள் இருப்பார்கள்.

2

நூரு என்னைவிட ஐந்து வயது இளையவள். அம்மாவும் அவளும் சைகோனிலேயே தங்கிவிட, அத்தாவும் நானும் மட்டும் வந்தோம். அம்மா அங்கேயே மவுத்தாகி, கடிதப் போக்குவரத்தும் அறுந்து, ஒரு இருபது வருடம் ஒருவரையொருவர் தெரியாமல் இருந்தோம். மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய பேத்தி ஃபேஸ்புக்கில் தேடி என்னைக் கண்டுபிடித்தாள்.

முதல் நாள் போனில் அவள் தமிழில் பேசினாள். அச்சு அசல் அத்தாவின் பேச்சு, அண்ணனை ‘நானா’ என்று கூப்பிடும் நம் ஊர் வழக்கம் மாறாமல். “நானா, சாப்பிட்டிஹளா? உடம்பு எளச்சிப் போயிருக்கிஹளே.” அங்கே இன்று தமிழ் பேச அவளுக்கு ஆளே இல்லை. பள்ளிவாசலில் பாங்கு சொல்லிக்கொண்டிருந்த கடைசித் தமிழ் மோதினார் போன பிறகு, சமையல் செய்யும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வாளாம். என் பக்கத்தில் நின்று கேட்ட ரஹிமா, “ஆத்தி, ஃபுப்பு நம்மளவிட மஸ்த் தமிழ் பேசறாங்க அத்தா” என்றாள். என் மகள் அத்தையை ஃபுப்பு என்றுதான் சொல்வாள். குப்பி என்று திருத்தித் திருத்தி நான் ஓய்ந்துவிட்டேன்.

போன ரமலானுக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நூரு கேட்டாள்.

“நானா, எனக்கு ஒரு காயிதம் வேணும்.”

“என்ன காயிதம்?”

“நான் அத்தாவோட மவதான்னு சொல்ற காயிதம். இங்க என் பொறந்த காயிதத்துல அத்தா பேரு எழுதுற எடத்துல கோடுதான் இருக்கு. எனக்கு நெஞ்சு ரெண்டு தடவ வலிச்சிருச்சி. நாளைக்கி மவுத்தானா பள்ளிவாசல் புஸ்தகத்துல இன்னாரு மவன்னு எழுதணும்ல. கோடு போட்டு என்னய பொதைக்க வேணாம் நானா. அத்தாவோட பழைய காயிதத்துல எங்கயாச்சும் என் பேரு இருந்தாலும் இருக்கும். தேடிப் பாருங்க.”

தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேட ஒன்றும் இல்லை. அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு ஐம்பது வருடத்துக்கு மேலாகத் தெரியும்.

3

மலரைப் படிக்கிற இளைஞர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லவேண்டும். சைகோன் சந்தைக்குப் பக்கத்தில் அத்தாவுக்குத் துணிக்கடை. நான் சிறுவனாக இருந்தபோது, வெளிநாட்டுக்காரர்கள் சில வியாபாரங்கள் செய்யக்கூடாது என்று அங்கே ஒரு சட்டம் வந்தது. துணிக்கடையும் அதில் சேர்த்தி. எங்கள் தெருத் தமிழர்கள் பாதிப் பேர் செய்ததை அத்தாவும் செய்தார். கடையை அம்மா பெயருக்கு மாற்றினார். அந்தச் சமயத்தில்தான் நூரு பிறந்தாள். அம்மாவுக்குப் பிறகு கடைக்கு ஒரு வியட்நாம் வாரிசு வேண்டும் என்று அவளை அம்மா பெயரில் மட்டும் பதிந்தார்கள். தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கோடு. நான் அத்தா பெயரில், இந்தியன். அவள் அம்மா பெயரில், வியட்நாம்காரி. யார் ஜெயித்தாலும் ஒரு காகிதம் பிழைக்கும் என்பது அத்தாவின் யோசனை. புத்திசாலித்தனம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

அமெரிக்கர்கள் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் வந்தவர்கள் ஆலோசகர்கள். வெள்ளைச் சட்டை, கையில் தோல் பெட்டி. பெண்சாதிக்குப் பட்டு வாங்குவார்கள், பேரம் பேசத் தெரியாது. பிறகு சீருடை வந்தது. எனக்குப் பதினாலு வயதானபோது துறைமுகத்தில் கப்பல் நிற்க இடமில்லை. கடைக்கு எதிரே இருந்த சைக்கிள் கடை மதுக்கடை ஆனது. அதற்குப் பக்கத்துக் கடையும் ஆனது. அடுத்த கிறிஸ்துமஸுக்குள் வேலை முடிந்து ஊருக்குப் போய்விடுவோம் என்று ஒரு சார்ஜெண்ட் அத்தாவிடம் சொன்னான். அடுத்த கிறிஸ்துமஸுக்கு வேறொரு சார்ஜெண்ட் வந்து அதையே சொன்னான். முதலாமவன் என்ன ஆனான் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

அத்தாவுக்குச் சந்தோஷம். “கம்யூனிஸ்ட்காரன் வந்தா கடையப் புடுங்கிக்குவான். இவன் இருக்குற வரைக்கும் நமக்குப் பயமில்ல” என்பார். வானத்தில் ஹெலிகாப்டர் போனால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து பார்ப்பார், தன் சொந்த ஹெலிகாப்டர் மாதிரி.

கடல் தாண்டி எங்கேயோ ஒருவர் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் ஆள் அனுப்புவோம் என்று கையெழுத்துப் போடுவார். அவர் அனுப்ப அனுப்ப, இங்கே சைகோன் அரசாங்கமும் தன் பங்குக்கு உள்ளூர்ப் பையன்களை அள்ளும். எங்கள் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புகள் காலியாகிக்கொண்டே வந்தன. பதினெட்டு வயது ஆனதாகத் தெரிந்தால் போதும், தெருவில் நிறுத்திக் காகிதம் கேட்பார்கள். சரியான காகிதம் இல்லையென்றால் லாரி.

என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவன் துவான். நன்றாக விசில் அடிப்பான். ஒரு நாள் சந்தையில் என் கண்ணெதிரே அவனை லாரியில் ஏற்றினார்கள். காகிதம் வீட்டில் இருக்கிறது, ஓடிப்போய் எடுத்து வருகிறேன் என்று கெஞ்சினான். விடவில்லை. நான் ஒரு மீன் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதம் கழித்து அவன் அம்மா எங்கள் கடைக்கு வந்து வெள்ளைத் துணி கேட்டாள். அந்த நாட்டில் துக்கத்துக்கு வெள்ளையைத் தலையில் கட்டுவார்கள். அத்தா கிழித்துக் கொடுத்தார். கைநீட்டிக் காசு வாங்கவில்லை.

4

அந்த வாரம்தான் அத்தா எனக்காக இந்தியக் குடிமகன் சான்றிதழுக்கு ஏற்பாடு செய்தார். அது கையில் இருந்தால் லாரிக்காரன் தொடமாட்டான். இந்தியத் தூதரகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம். அத்தாவுக்கு ஆங்கிலத்தில் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். நிரப்பியது நான். எனக்கு வயது பதினேழு.

வெளியே மழை. அத்தா மேசையின் ஒரு முனையில் ஒரு அமெரிக்கனுக்குத் துணி அளந்துகொண்டிருந்தார், மறு முனையில் நான் எழுதிக்கொண்டிருந்தேன். ‘வேறு பிள்ளைகள்’ என்று ஒரு கட்டம் வந்தது. கேட்டேன். அத்தா அளவுகோலை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

“நூர்ஜஹான் பேரையும் எழுது வாப்பா. நல்லா வெளங்குற மாதிரி எழுது. அது நம்ம புள்ளதானே, எங்க போனாலும் நம்மகூடத்தான் வரணும்.”

முந்தின நாள், காகிதங்கள் வாங்கித் தரும் தெருத் தரகர் ஒருவர் என்னிடம் சொல்லியிருந்தார். வியட்நாம் காகிதத்தில் ஒரு பிள்ளை இருப்பது தெரிந்தால் குடும்பத்தையே தோண்டுவார்கள், மகனும் உள்ளூர்க்காரன்தான் என்று முடிவு கட்டிவிடுவார்கள் என்று. அது நிஜமோ பொய்யோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்குத் துவானின் அம்மா தலையில் கட்டிக்கொண்ட துணி கண்ணில் நின்றது. கட்டத்தில் ஆங்கிலத்தில் ‘நில்’ என்று எழுதினேன், அதாவது வேறு பிள்ளை இல்லை. நல்லா விளங்குகிற மாதிரிதான் எழுதினேன். அத்தா வந்து, வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

நூரு அப்போது மேசைக்கு அடியில் உட்கார்ந்து, வெட்டிப் போட்ட துணிப் பட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

5

அமெரிக்கர்கள் போனார்கள். சைகோன் கைமாறியது. வெளிநாட்டுக் காகிதம் உள்ளவர்கள் ஊர் திரும்பலாம் என்று சொன்னார்கள். தூதரக அலுவலகச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு பெயர்: அத்தா, நான். அம்மாவைக் கணவன் பெயரைச் சொல்லிப் பின்னால் சேர்த்துவிடலாம் என்றார்கள். நூருவுக்கு வழியில்லை. அப்படி ஒரு மகள் இருப்பதாகப் பதிவே இல்லை என்று அங்கே இருந்தவர் பழைய விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார். பாவம், அவர் தன் வேலையைத்தான் செய்தார்.

அத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். “நீதானே வாப்பா எழுதினே. அது பேரு எழுதினியல்ல?”

“எழுதினேன் அத்தா.”

இந்த இரண்டு வார்த்தையைத்தான் இன்று உங்கள் முன்னால் வைக்கிறேன். பதினேழு வயதில் எழுதியது பயம். இருபத்தைந்து வயதில் சொன்னது என்ன என்று நீங்களே பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமாகாத மகளை விட்டுவிட்டு அம்மா வரமாட்டேன் என்றாள். கடைக்காரர் வீட்டுப் பையன்களைக் காடு வெட்ட அனுப்புகிறார்கள், இவனைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு எங்களுக்குக் காகிதம் அனுப்புங்கள் என்று அத்தாவைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினாள். அத்தா நம் ஊரில் ஆறு வருடம் உயிரோடு இருந்தார். பெரியவர்களுக்கு நினைவிருக்கும், தபாலாபீஸ் வாசலில் மனு எழுதக் காத்திருப்பாரே, அது எதற்கென்று இப்போது புரிந்திருக்கும். ஒவ்வொரு மனுவிலும் ஒரே வரி: என் மகன் சரியாக எழுதிக் கொடுத்தான், ஆபீசில் விட்டுவிட்டார்கள். அந்த வரியைப் பார்க்க முடியாமல்தான் நான் பதினோரு மாதத்தில் பம்பாய்க்கு ரயில் ஏறினேன். பிழைப்புக்காகப் போனான் என்று நினைத்தீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

6

அந்தச் சான்றிதழும் அதோடு சேர்த்துத் தைத்த விண்ணப்ப நகலும் என் பெட்டியில்தான் இருக்கின்றன. பம்பாயில் ரேஷன் கார்டுக்கு அதைத்தான் காட்டினேன். வாக்காளர் அட்டைக்கும் அதுதான். நேபாளி என்று சொன்ன போலீஸ்காரனுக்கும் அதைத்தான் நீட்டினேன். தங்கை இல்லை என்று சொன்ன தாள் எனக்கு நாற்பத்தெட்டு வருடம் சோறு போட்டிருக்கிறது.

நூரு கேட்டு இரண்டு மாதம் இழுத்தடித்தேன். தேடிக்கொண்டிருக்கிறேன், தேடிக்கொண்டிருக்கிறேன் என்று ஒவ்வொரு வெள்ளியும் சொன்னேன். கடைசியில் ரஹிமாதான், “அத்தா, டென்ஷன் எதுக்கு? அஃபிடவிட் போட்டா முடிஞ்சுது. அண்ணன் நீங்களே சொல்றீங்க, அவ்வளவுதான்” என்று லீவு போட்டுவிட்டு, செம்பூர் ஸ்டேஷன் பக்கம் இருக்கும் நோட்டரியிடம் கூட்டிப்போனாள்.

நோட்டரி மராத்திக்காரர், சின்ன வயது. என் அடையாளத்துக்கு அந்தச் சான்றிதழைக் கேட்டார். பின்னால் தைத்திருந்த தாளையும் புரட்டினார். படித்துவிட்டு, “சாச்சா, இதில் வேறு பிள்ளை இல்லை என்று இருக்கிறது. இப்போது தங்கை உண்டு என்கிறீர்கள். தோனோ மே ஸே ஏக் தோ ஜூட் ஹை” என்றார். இரண்டில் ஒன்று பொய்தானே என்று கேட்கிறார். பழையது பொய் என்றால், அது எப்படிப் பொய்யானது என்று ஒரு வரி எழுதாமல் புதியதற்கு மதிப்பில்லை என்றார்.

ரஹிமா தாளை வாங்கிப் பார்த்தாள். அவளுடைய பள்ளிக்கூட டைரியில் பத்து வருடம் கையெழுத்துப் போட்டவன் நான்.

“அத்தா, இது உங்க ரைட்டிங்.”

“ஆமா.”

“தாதா எழுதச் சொன்னாரா இப்படி?” என் அத்தாவைத்தான் தாதா என்கிறாள்.

“இல்ல. அவர் நூரு பேர எழுதத்தான் சொன்னார்.”

நோட்டரியிடம் சொன்னேன். அவர் தட்டச்சு செய்தார். ‘தந்தையார் கூறியதற்கு மாறாக, அச்சத்தின் காரணமாக, நானே அவ்வாறு எழுதினேன்.’ அவர் ஆங்கிலத்தில் அடித்ததை நான் இங்கே தமிழில் தருகிறேன். முத்திரை குத்தி, அடுத்தவரைக் கூப்பிட்டார். அவ்வளவுதான் வேலை.

திரும்பும்போது ஆட்டோவில் ரஹிமா அந்தத் தாளை இன்னொரு முறை விரித்துப் பார்த்தாள். வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும், “உங்களுக்கு அப்போ செவன்டீன்தானே அத்தா” என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். நூருவுக்குப் பன்னிரண்டு என்றேன்.

7

காகிதத்தை அனுப்பும் முன் நானே வாயால் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தேன். அந்த வெள்ளிக்கிழமை நூரு வந்ததும், அவளைப் பேசவிடாமல் முழுக்கச் சொன்னேன். மழை, மேசை, தரகர், ‘நில்’, சுவரில் பட்டியல், எழுதினேன் அத்தா. ஒன்றையும் விடவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

அவள் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அத்தா என் பேர எழுதச் சொன்னாஹளா?”

“ஆமாம்மா.”

“ஆபீஸ்காரன் விட்டுட்டான்னு அத்தா கடுதாசியில எழுதுனாஹ. நான் நம்பல நானா. பொம்புளப் புள்ளதானே, கெடந்துட்டுப் போவுதுன்னு அத்தாவே விட்டுட்டாஹன்னு நெனச்சேன். இத்தன வருசமா அப்புடித்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன். அம்மா மவுத்தாகுற வரைக்கும் அத்தாவுக்காவ துஆ கேப்பா, நான் ஆமீன் சொல்லமாட்டேன்.” போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “என்ன சொன்னாஹ? அத்தா சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

சொன்னேன். நூர்ஜஹான் பேரையும் எழுது வாப்பா. நல்லா வெளங்குற மாதிரி எழுது. அது நம்ம புள்ளதானே, எங்க போனாலும் நம்மகூடத்தான் வரணும்.

“இன்னொரு தடவ சொல்லுங்க.”

மூன்று தடவை சொல்லவைத்தாள். மூன்றாவது தடவை அவள் உதடும் கூடவே அசைந்தது. அழுதாள். என்னைப் பார்த்து அழவில்லை, அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சரி நானா, வச்சிடுறேன்” என்றாள்.

மறுநாள் காகிதத்தைத் தபாலில் அனுப்பினேன். அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டரைக்குப் போன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நான் கூப்பிட்டால் மணி அடித்து ஓய்கிறது. ஏழாவது வாரம் அவள் பேத்தியிடமிருந்து ஒரு படம் மட்டும் வந்தது. பள்ளிவாசல் புத்தகத்தில், உயிரோடு இருக்கிறவர்கள் பட்டியல் உள்ள பக்கம். நூர்ஜஹான், அதற்கு நேரே அத்தாவின் பெயர், முழுப் பெயர், நம் ஊரின் பெயரோடு. கோடு இல்லை. கீழே ஒரு வார்த்தைகூட எழுதியிருக்கவில்லை.

அவளுக்கு அத்தா கிடைத்துவிட்டார். அதற்கு அவளுக்கு அண்ணன் இல்லாமல் போகவேண்டியிருந்தது. குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டு, போனைச் சுவரோரம் சாய்த்து வைத்து, சட்டைப் பொத்தானைச் சரிசெய்து உட்காருகிறேன். மூன்றரை மணி வரை இருந்துவிட்டு எழுந்திருப்பேன். வெள்ளியையும் ஞாயிற்றுக்கிழமை மாதிரி நினைத்துக்கொண்டால் போயிற்று என்கிறாள் ரஹிமா. ஞாயிறு என்றால் அவள் வீட்டில் இருப்பாள், வெள்ளிக்கிழமை இருக்கமாட்டாள்.

இரண்டு வேண்டுகோள். ஜமாஅத்தின் குடும்பப் பதிவேட்டில் அத்தா பெயருக்குக் கீழே ஒரு மகன் என்று மட்டும் இருக்கும். மகளையும் சேர்த்து எழுதுங்கள், நோட்டரியின் காகித நகலை இதோடு வைத்திருக்கிறேன். மலர் அச்சானதும் ஒரு பிரதியைச் சைகோனுக்கு அனுப்புங்கள், விலாசம் தனித் தாளில் இருக்கிறது. அவள் தமிழ் படிப்பாள், கடையில் உட்காரவைத்து அத்தா சொல்லிக்கொடுத்தது. எனக்கு அனுப்பவேண்டிய பிரதியையும் அவளுக்கே அனுப்பிவிடலாம். இந்த வீட்டில் தமிழ் படிக்கிறவன் நான் ஒருவன்தான், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.